அகலம் போதவில்லை

பாயான் லெப்பாசில் இரவு ஷிப்டு முடிந்து
ஏழேகால் பஸ்ஸில் வரும்போதே தீர்மானித்துவிட்டேன்,
இன்றைக்கு ஆவுடையப்பன் வம்சத்தை
ஒரே பக்கத்துக்குள் அடக்கிவிடுவதென்று.

தொங்கான் முதலாளி.
நங்கூரமிட்ட கப்பலுக்கும் வெல்ட் கீ கரைக்கும் நடுவே
பதினொரு தொங்கான் ஓட்டியவர்.
இணையக் கலைக்களஞ்சியத்தில் அவருக்கு மூன்று பத்தி,
ஒரு மங்கல் படம், இரண்டு ‘சான்று தேவை’.
கீழே காலியாக ஒரு தலைப்பு: குடும்பம்.

மரம் வரைய வார்ப்புரு இருக்கிறது.
செங்குத்துக்கு ஒரு குறி, குறுக்குக்கு ஒரு குறி,
மூலை திரும்ப ஒன்று, மூன்றாகப் பிரிய ஒன்று.
திருமணத்துக்கு இரட்டைக் கோடு.
தத்துக்குப் புள்ளிக் கோடு.
ஒரு கட்டம் எண்ணத் தவறினால்
பேரன் தாத்தாவுக்குத் தகப்பனாகிவிடுவான்.
(ஒருமுறை ஆனான். நான்கு நாள்.
யாரும் கவனிக்கவில்லை.)

மகன்கள் நால்வரும் சுலபம்.
கோயில் கல்வெட்டில் இருக்கிறார்கள்,
ஆளுக்கு எத்தனை வெள்ளி என்பதோடு.

வெள்ளையம்மாளில் பிடித்தது வினை.

பிறப்புப் பத்திரத்தில் அவள் லிம் ஆ மோய்.
பூலாவ் தீக்குஸில் ஒரு வீட்டிலிருந்து
ஆறு மாதத்தில், ஒரு துண்டில் சுற்றி வந்தவள்.
புள்ளிக் கோடு போட்டேன். சரி.
வளர்ந்து அவள் கட்டிக்கொண்டது
ஆவுடையப்பனின் தங்கை மகனை.
அத்தை மகன்.
ரத்தத்தில் ஒரு சொட்டு இல்லாதவளுக்கு
முறையில் இம்மி பிசகவில்லை.

மரத்துக்கு இது விளங்கவில்லை.
இடக்கோடியில் அவன், வலக்கோடியில் இவள்.
இரட்டைக் கோடு
நான்கு அண்ணன்மார் தலையைத் தாண்டி
ஒரு மருமகளின் பெயரைக் குறுக்கே அடித்துக்கொண்டு போயிற்று.
அடுத்த தலைமுறையில் இவள் பையனுக்கு
மாமன் மகள். மறுபடி ஒரு கோடு.
பிரிந்த கிளையெல்லாம் திரும்பி வந்து
அடிமரத்தையே பிடித்துக்கொள்கிற இதற்கு
மரம் என்று பேர் வைத்தவன்
நம் கல்யாணப் பந்தியில் ஒருநாளும் உட்கார்ந்திருக்க மாட்டான்.

அகலம் போதவில்லை.
கைபேசியில் திறந்தால்
வெள்ளையம்மாள் திரைக்கு வெளியே நிற்கிறாள்.
பொம்பளைகளை எடுத்துட்டா அடங்கிடும் என்றான்
தாப்பாவிலிருந்து தொகுக்கும் இனியவன்.
கெட்டவனில்லை. அளவு சொன்னான்.

மத்தியானம் வேதநாயகம் கூப்பிட்டார், ஜெலுத்தோங்.
பார்வை இல்லை. திரையைக் குரலாக்கும் மென்பொருளில்
கட்டுரை கேட்பவர்,
ஒற்றுப் பிழையைக் காதிலேயே பிடிப்பவர்.
ஃபோனை ஸ்பீக்கர் பக்கம் வைத்தார்.

வெற்று. வெற்று. வெற்று. ஆவுடையப்பன். வெற்று.
செங்குத்துக் கோடு. வெற்று. வெற்று.
குறுக்குக் கோடு. குறுக்குக் கோடு. வெற்று.

‘பெரிய குடும்பந்தான் லா,’ என்றார்.
‘ஆனா வீட்ல ஒருத்தரும் இல்ல போலருக்கே.’

அழித்தேன்.
உள்தள்ளிய பட்டியலாகப் போட்டுப் பார்த்தேன்:
ஒரு புள்ளிக்குப் பிள்ளை, இரண்டுக்குப் பேரன்.
அதில் வெள்ளையம்மாள் இரண்டு முறை வந்தாள்,
மகளாக ஒரு வரி, மருமகளாக ஒரு வரி,
ஒருவரையொருவர் தெரியாத இருவரைப் போல.
அதையும் அழித்தேன்.

கடைசியில் எழுதியது இது:

“பூலாவ் தீக்குஸ் லிம் வீட்டில் பிறந்த ஆ மோயை
ஆவுடையப்பனும் கோமதியும்
வெள்ளையம்மாள் என்று வளர்த்தார்கள்;
ஆவுடையப்பனின் தங்கை நாச்சியார்
அவரைத் தன் மகன் சேதுவுக்குக் கேட்டுக்கொண்டார்.”

கோடு இல்லை, கட்டம் இல்லை.
எவ்வளவு சின்னத் திரையிலும் வாக்கியம்
மடங்கி உட்கார்ந்துகொள்கிறது.

ஒரே ஒரு கட்டம் மட்டும்
விட்டுவைத்திருக்கலாமோ என்று பிறகு தோன்றிற்று.
துண்டில் சுற்றிக் கொடுத்த கைக்கு
எந்தத் தாளிலும் பெயரில்லை.
அந்த இடத்தில் குரல் வந்து
வெற்று என்று சொன்னால்
அது பிழையாகாது.

பத்து நிமிடத்தில் யாரோ வந்து
வாக்கியத்தின் வாலில் ஒட்டிவிட்டுப் போனார்கள்:
சான்று தேவை.

நியாயந்தான்.
சனிக்கிழமை எனக்கு ஓய்வு.
பத்து லஞ்சாங் இடுகாட்டில் அவள் கல்
இரண்டு எழுத்தில் வெட்டியிருப்பதாகக் கேள்வி.
கேமராவுக்கு சார்ஜ் போட்டிருக்கிறேன்,
பாசி சுரண்ட ஒரு பழைய பல்துலக்கியும்.