இருப்பில் குறைவு

விபத்துப் பதிவேட்டில்
'நடந்தது என்ன' என்ற கேள்விக்குக் கீழே
இரண்டு வரிதான் இடம்.
எழுதினேன்:
வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டே முக்கால்.
பெயிண்டர் பூல்பாண்டி. இடது ஆள்காட்டி விரல்.
காயத்தின் அளவு, குண்டூசி முனை.
மீதியை ஸ்டோர் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

பணகுடிக்குத் தெற்கே எங்கள் யார்டு.
ஆனி பிறந்தால் கணவாய்க் காற்று இறங்கி
கூரைத் தகரத்தை ஆணியோடு கேட்கும்.
காற்றாலைக் கோபுரங்கள் துண்டு துண்டாய்
ஷெட்டுக்குள் படுத்துக் கிடக்கும்.
அவற்றுக்குப் பெயிண்ட் அடிக்கிற மிஷினுக்கு
ஏர்லெஸ் என்று பேர்.
காற்றே இல்லை என்று சொல்லிக்கொண்டு
இந்த ஊருக்கு வந்த ஒரே சாமான்.

லாரி டயருக்கு நூறு பவுண்டு அடிப்பார்கள்.
இதற்கு மூவாயிரம்.
கன்னைக் கீழே வைத்தாலும்
ஹோஸுக்குள் அது உட்கார்ந்திருக்கும்,
மோட்டாரை அணைத்த பிறகும்.

டிப் அடைத்துக்கொண்டது.
ஒரு பட்டைதான் பாக்கி, அதற்கப்புறம் சோறு.
பிரஷரை இறக்கவில்லை, டிரிக்கரைப் பூட்டவில்லை,
வேஸ்ட் துணியைச் சுற்றி விரலால் துடைத்தான்.
முனையில் கார்டு இருந்திருந்தால்
விரல் அத்தனை கிட்டே போயிருக்காது.
கார்டு என்னிடம் இருந்தது.
"ஓரம் அடிக்கையில மறைக்குக்கா" என்று
காலையில் ஜன்னலில் நீட்டினான்.
வாங்கி ஆணியில் மாட்டினேன்.
அதை எழுதப் பதிவேட்டில் கட்டமே இல்லை.

ரத்தம் வரவில்லை.
"எறும்பு கடிச்சாப்ல இருக்கு, வலிக்கவே இல்ல"
என்று சிரித்தான்.
சூப்பர்வைசர் ஞானதிரவியம் தின்னர் போட்டுத் துடைக்கச் சொன்னார்.
தூக்குவாளியில் சொதி ஆறிக்கொண்டிருந்தது.
மிஷினோடு வந்த புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தை
சரக்கு இறங்கிய அன்று,
வேலை இல்லாத ஒரு மத்தியானத்தில்,
நான் படித்துத் தொலைத்திருந்தேன்.
'வெறும் கீறல் என்று விடாதே' என்று அதில் இருந்தது.
பெயிண்ட் டப்பாவைக் கையில் தூக்கிக்கொண்டு
ஜீப்பில் ஏறினேன்.

வழியில் ஒரு கிளினிக். பிளாஸ்டர், ஊசி,
"ரெண்டு நாள்ல சரியாயிரும்."
நாங்குநேரி தாண்டும்போது விரல் வீங்கி
மோதிரம் சதைக்குள் புதைந்தது.
அப்போதுதான் அவன் பேச்சை நிறுத்தினான்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் ஒரு டாக்டரம்மா
காயத்தைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்தாள்.
எத்தனை மணிக்கு? என்ன பெயிண்ட்?
எவ்வளவு பிரஷர்?
டப்பாவை மேஜையில் வைத்தேன்.
மூவாயிரம் என்றேன்.
அதற்குப் பிறகு அங்கே யாரும் நடக்கவில்லை,
எல்லாரும் ஓடினார்கள்.

விரலிலிருந்து உள்ளங்கை வரை பிளந்தார்களாம்.
கோபுரத்துக்கு அடிக்க வேண்டிய வெள்ளையை
தசைநார் ஓரமாகவே, ஓர் இடம் விடாமல்,
அவனுக்குள் அடித்திருந்தது மிஷின்.
நல்ல ஃபினிஷிங்.

மாசக் கடைசி இருப்புக் கணக்கில்
ஒரு மில்லி குறைவு என்று எழுதினேன்.
ஆடிட்டர் சிரித்துக்கொண்டே அடித்துவிட்டார்.

நாலு மாசம் கழித்து வந்தான்.
விரல் இருக்கிறது, மடங்காது.
கன்னைப் பிடித்தாலும், டீ கிளாஸைப் பிடித்தாலும்
அது எங்கேயாவது காட்டிக்கொண்டே நிற்கும்.
பல நேரம் என் ஜன்னலை.

இப்போது டிப் மாற்ற வந்தால்
முதலில் எனக்குச் சத்தம் கேட்க வேண்டும்:
மோட்டார் அடங்குவது,
வாளிக்குள் கன் சீறி, இளைத்து, ஓய்வது,
வால்வு திரும்புவது,
டிரிக்கர் பூட்டின் சின்ன கிளிக்.
வெளியே காற்று ஊளையிட்டால்
மறுபடி செய்யச் சொல்லுவேன்.
திட்டுவார்கள். திட்டட்டும்.

நேற்று புதுப்பையன் மாசானம்
கார்டைக் கழற்றி நீட்டினான்.
"மறைக்குக்கா."
நான் கையை மடக்கிக்கொண்டேன்,
ஐந்து விரலையும்.