சைபர் கிலோ

காவேரிப்பட்டணம் தாண்டி
மாங்கூழ் ஆலையின் எடைமேடை அறை.
ஜூன் ராத்திரி, இரண்டேகால்.
பெங்களூரா ஏற்றிய டிராக்டர்கள்
நெடுஞ்சாலை வரைக்கும் நிற்கின்றன.
உள்ளே நானும் ஒரு மரமும்.

இதற்கு வேர் உச்சியில்.
வேரின் பெயர் 'நாள்'.
அதன் கீழே வண்டிகள், வண்டிக்குக் கீழே ஆள்,
ஆளுக்குக் கீழே ஊர், எடை, கழிவு.
எக்ஸ்எம்எல் என்றால் மேனேஜருக்கு
ஏதோ காய்ச்சல் பேர் மாதிரி கேட்கிறது.
அவர் கேட்டது சுவரில் ஒட்ட ஒரு தாள்,
ஆளுக்கு ஒரு வரி.

பைத்தானில் பதினேழு வரி எழுதினேன்.
கணுவுக்குள் நுழை.
பிள்ளைகள் இருந்தால்
ஒவ்வொன்றுக்குள்ளும் இதேபோல் நுழை.
தன்னைத் தானே கூப்பிட்டபடி இறங்கி
நுனியில் ஓர் எண்ணைக் கிள்ளிக்கொண்டு
ஏறி வருகிற வேலை.

முதலில் 'சென்னப்பன் & கோ'வில் தடுக்கி விழுந்தது.
அந்தச் சுழிக்குறியை
முகமூடி போட்டுத்தான் உள்ளே விட வேண்டுமாம்.
போட்டேன்.
அடுத்து, வரிகளுக்கு நடுவே கிடந்த
வெற்று இடத்தையெல்லாம் பிள்ளை என்று எண்ணி
தாள் முழுக்க ஓட்டை ஓட்டையாய் அச்சடித்தது.
எரிச்சலில் ஒரு வரி சேர்த்தேன்:
காலியாக இருந்தால் தாண்டிப் போ.

அழகாக வந்தது.
தேநீர் குடித்தேன்.

ஏழு மணிக்கு
வேப்பனப்பள்ளி திம்மராயப்பா
தாளில் விரல் வைத்து இறங்கினார், ஏறினார்,
மறுபடி இறங்கினார்.
"எம்பேரு இல்லீங்களேம்மா."

அவர் காய் முழுக்கக் காம்பழுகல்.
வாசலிலேயே திருப்பிவிட்டார்கள்.
எடைக் கட்டத்தில் யாரும் எதுவும் தட்டவில்லை.

"வேணாம்னு சொன்னீங்க, சரி.
வந்தேனா இல்லையா?
சைபர்னு போட்டுக் குடுங்க.
வித்துட்டு மறைக்கிறேன்னு
டிராக்டர்காரன் சண்டைக்கு வருவான்."

உட்கார்ந்தேன்.
வெற்று இடம் வேறு.
பேர் இருந்து உள்ளே ஒன்றும் இல்லாத கணு வேறு.
எனக்குத் தெரியாததா?
இரண்டையும் ஒரே வரியில் துடைத்திருக்கிறேன்.

திருத்தி ஓட்டினேன். பிரின்டர் இழுத்தது:
திம்மராயப்பா, வேப்பனப்பள்ளி, 0 கிலோ.
நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
நன்றி எல்லாம் சொல்லவில்லை.
வண்டி ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தது.

அந்த ராத்திரியில் அப்படி ஏழு பேர்.
ஒருவருக்கு ஊரும் பதிவாகவில்லை,
இரண்டு காற்புள்ளிகள் ஒட்டி நின்றன.
மேனேஜர் அசிங்கமாக இருக்கிறது என்றார்.
இருக்கட்டும் சார் என்றேன்.