ஒன்பதாவது வரி

இங்கே காலை பத்து. சென்னையில் பதினொன்றரை.
மாயேபூர் விடுதியின் மொட்டைமாடியில் மட்டும்தான்
சிக்னல் கிடைக்கிறது.
காய்கிற துண்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு
வங்கிப் பெண்ணுக்குப் பதில் சொல்கிறேன்.

கியூர்பீப்பில் பெட்ரோல். நீங்கள் செய்ததா மேடம்?
இல்லை.
போர்ட் லூயியில் இரண்டு கைபேசி?
இல்லை.
நான்கு டயர்?
எனக்கு ஸ்கூட்டரே கிடையாது அம்மா,
கரூரில் பள்ளிக்கு டவுன் பஸ்ஸில் போகிறவள் நான்.
ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லுங்கள் மேடம்.
இல்லை.

ஏழாவது ஒரு மதுக்கடை.
இல்லை என்று சொன்னது சற்றே சத்தமாகிவிட்டது,
கீழே நீச்சல் குளத்தோரம் என் கணவர்
நிமிர்ந்து பார்த்தார்.
எட்டாவது பூக்கடை.
திருடனிடமும் யாரோ ஒருத்தி கோபித்துக்கொண்டிருக்கிறாள்.
இல்லை.

ஒன்பதாவதை அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்:
மூ… டூ… கூ… மாரென், எட் ஃபில்ஸ்.
அறுநூற்று ஐம்பது, அந்த ஊர் ரூபாயில்.
ஏதோ மாத்திரைக் கம்பெனி என்று நினைத்தேன்.
சொல்லிச் சொல்லி நாக்குக்கு
ஒரு வேகம் வந்திருந்தது.
சத்தியமாக இல்லை.

புகார் நகல் வேண்டும் என்றார்கள்.
காவல் நிலையத்தில் மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை.
சட்டையில் சூபென் என்று பெயர்ப்பட்டை;
அவர் சுப்பன் என்பது பிறகுதான் உறைத்தது.
பேனாவை உதறி உதறி
பிரெஞ்சில் எட்டு வரி எழுதினார்.
ஒன்பதாவதில் நின்றார்.

இது திருட்டு இல்லையே மேடம்.
சந்தைக்கு எதிரே, நீல ஷட்டர்.
எ ஃபீஸ் என்று படிக்க வேண்டும்,
மகன்களும் என்று அர்த்தம்.
பேனா முனையால் என் காலடியைக் காட்டினார்.
அங்கே இருந்தது
திங்கட்கிழமை நான் வாங்கிய தாழையோலைப் பை,
பாஸ்போர்ட்டும் கார்டும் திருட்டுப் பட்டியலும்
அதற்குள்தான்.

முத்துக்குமரனும் மகன்களும்.
இருபத்திரண்டு வருஷம் வருகைப் பதிவேடு வாசித்தவள்.
எந்த வகுப்பிலும் ஒரு முத்துக்குமரன் இருப்பான்,
பெரும்பாலும் கடைசி பெஞ்சில்.
கடலைத் தாண்டி வேறு எழுத்தில் வந்து நின்றதும்
ஆப்சென்ட் போட்டுவிட்டேன்.

மறுபடி மொட்டைமாடி. இப்போது வேறொரு பெண்.
ஒன்றை மட்டும் திரும்பப் பெற வழியில்லை மேடம்,
ஒன்பதுக்கும் ஒரே புகார் எண்.
கடைக்காரரிடம் வங்கியே பிடித்துக்கொள்ளும்,
நாற்பத்தைந்து நாள்.
வேறு ஏதாவது உதவி?

நீல ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
வணக்கம், நல்லா இருக்கா, என்றாள் அந்த அம்மாள்.
அன்றைக்கும் இதையேதான் சொன்னாள்;
அவளிடம் இருந்த தமிழ் அவ்வளவு.
அறுநூற்று ஐம்பதை எண்ணி வைத்தேன்.
டப்பாவைக் கிளறி அன்றைய சீட்டை எடுத்து
பெயே, பெயே என்று என் கையை மூடினாள்.
கொடுத்தாகிவிட்டதாம்.

மகன்களில் ஒருவன் ஓலை கிழிப்பதை நிறுத்திவிட்டு
இங்கிலீஷில் கேட்டான்:
வாங்கவில்லை என்று சொன்னீர்களா?

இதற்கும் இரண்டே பதில்தான்.
ஆம், என்றேன்.

அவன் அம்மாவுக்கு என்ன சொன்னானோ.
அவள் முகம் மாறியது, கோபம் இல்லை.
என் தோளிலிருந்து பையை உருவி
பாஸ்போர்ட்டைக் கல்லாமேல் கொட்டி
பையைத் திருப்பிப் போட்டு, ஜன்னல் பக்கம் கொண்டுபோய்
அடித்தையலை விரலால் தடவிக்கொண்டே போனாள்.
எங்கே பழுது என்று என்னைப் பார்த்தாள்.
பிறகு இரண்டு கையாலும்
கைப்பிடியை வெடுக்கென்று இழுத்துக் காட்டினாள்,
ஒருமுறை, இன்னொரு முறை.

ஒரு இழைகூட விடவில்லை.