பன்னிரண்டு நிமிடம்

குசினி ஜன்னலில் நின்றால் தெரியும்
அந்தச் சறுக்குக் குழாயின் உச்சி.
செம்பனை ஓலைகளுக்கு மேலே
மஞ்சளும் நீலமுமாய் ஒரு முறுக்கு.
சட்டி கழுவிக்கொண்டே நாலு வருசம் பார்த்துவிட்டேன்.
யாரோ கத்துவது கேட்கும்.
பயத்திலா, சந்தோசத்திலா,
இங்கிருந்து சொல்ல முடியாது.

வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடம்.
"இதெல்லாம் ஒரு பயணமா?" என்றாள் லோஷினி.
அதனால் தனசீலன்
காடியை எதிர்ப்பக்கம் திருப்பினார்.
மூடிக்கிடந்த கித்தா ஆலை, சீனர் இடுகாடு,
இரண்டு பாலம், ஒரு டோல் சாவடி.
பெட்ரோல் நிலையத்தில்
ஆளுக்கொரு மைலோ ஐஸ்.
மலைச்சாலை வளைவில்
ஷர்வின் வாந்தி எடுத்த பிறகுதான்
பயணம் பயணமானது.

அந்த வாசலை
பழக்குலை ஏற்றிய லோரியில்
நாளுக்கு ஆறு தடவை கடக்கிறவர் இவர்.
இன்றுதான் சமிக்ஞை போட்டு உள்ளே திரும்பினார்.
நேப்பாளத்துக் காவலாளி குனிந்து பார்த்து
"லோரி எங்கே?" என்றான்.

அறை மூன்று மணிக்குத்தான்.
பளிங்குத் தரையில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தோம்.
அம்புஜம் அக்கா இரவல் தந்த பெட்டி;
சென்னை விமானத்தின் துண்டுச்சீட்டு
இன்னும் கைப்பிடியில் தொங்கியது.
அதைப் பிய்க்கப் போன என்னை
லோஷினி தடுத்துவிட்டாள்.

முகப்பில் நூராய்னி என்ற பெண்
அடையாள அட்டையைப் பார்த்துத் தட்டிக்கொண்டே போனவள்
அஞ்சல் எண்ணில் விரலை நிறுத்தினாள்.
"வீட்டில் தண்ணீர் இல்லையா, அங்கிள்?"
மலாயில், மெதுவாக.
அவள் வீடும் அந்தப் பக்கம்தான் போல.
ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம்.
"இல்லை. லீவு" என்றார் இவர்.
முன்பணம் நூறு வெள்ளி,
பத்துப் பத்தாய் எண்ணி வைத்தார்.
எங்கள் நாலு மணிக்கட்டிலும்
ஆரஞ்சு நிறக் காகித வளையம் ஒட்டிக்கொண்டது.

நூற்று இருபது சென்டிமீட்டர் வேண்டுமாம்.
ஷர்வின் நூற்றுப் பதினெட்டு.
குதிகாலைத் தூக்கினான், முடியைக் குத்திட்டு நிறுத்தினான்,
அளவுகோல் இரங்கவில்லை.
தம்பியோடு இவர் கீழே நிற்க,
லோஷினிக்குத் துணையாய் நான் ஏறினேன்,
டீசட்டை, முழுக்கால் சட்டை,
முடிச்சுப் போட்ட தாலியோடு.
கத்தினேன்.
பயத்திலா, சந்தோசத்திலா,
உள்ளேயிருந்தும் சொல்ல முடியவில்லை.
இரண்டாம் தடவை பாதிப் படியில் இருக்கும்போது
இடிமுழக்கச் சங்கு ஊதிவிட்டார்கள்.
எல்லாரும் தண்ணீரை விட்டு வெளியேறி
மழையில் நனைந்தோம்.

ஏழாம் மாடி.
துண்டில் சுற்றிக் கடத்திவந்த குக்கரில்
அரிசி போட்டாயிற்று.
பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி
வீட்டைத் தேடினார்கள்.
"அது கோயில் விளக்கு."
"அது தியோங் சூன் கடை."
"அதோ, மூணாவது!"
வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

திருடன் வராமலிருக்க நான்தான் போட்டுவிட்டு வந்தேன்.
ஒரு ராத்திரிக்கு எவ்வளவு ஓடிவிடும்?
சொல்லி முடிப்பதற்குள்
சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

எங்கள் மூச்சில் ஊர் மறைந்தது.
துடைத்தோம். மறுபடி மறைந்தது.
செம்பனைக்குள் நுழைந்த ஒரு காடி வெளிச்சம்
எங்கெங்கோ மினுங்கி, காணாமல் போனது.
பிறகு
எங்கள் வீடு அணைந்தது.
எரிந்தது.
அணைந்தது.
எரிந்தது.

"அப்பா!" என்று அலறிய ஷர்வின்
கதவோரம் ஓடி
அறை அட்டையை உருவினான், செருகினான்,
உருவினான், செருகினான்.
ஏழாம் மாடியில் எங்கள் சதுரம் மட்டும்
கண் சிமிட்டியிருக்க வேண்டும்.
அந்தப் பக்கம் கடைசியாய் ஒருமுறை அணைந்து
அப்படியே இருட்டாய் நின்றது.

குக்கரும் எப்போதோ நின்றுபோயிருந்தது,
சோறு பாதி வேக்காட்டில்.
பன்னிரண்டு நிமிடம் கழித்துக் கதவு தட்டினார்.
நான் எடுத்துவைக்க மறந்த
ஊறுகாய் பாட்டில் கையில்.