இடது கால்

கோட்டைக்குள் கேமரா வைக்க
அனுமதி வரவில்லை.
"அப்போ நாமளே ஒண்ணு கட்டிடுவோம்"
என்றார் தணிகாசலம்.
பள்ளிகொண்டா தாண்டி, பாலாற்று மணலில்
ப்ளைவுட் கொத்தளம்.
அகழிக்கு டேங்கர் தண்ணீர்.
ராத்திரியோடு ராத்திரியாக மணல் குடித்துவிடும்,
காலையில் மறுபடி நான் வவுச்சர் எழுதுவேன்.

அறுநூறு சிப்பாய்களுக்கு பூட்ஸ்,
பேரணாம்பட்டு முக்தியார் பாஷாவிடம்.
பாதிப் பணம் போனது.
பாதிப் பூட்ஸ் வந்தது:
அறுநூறும் இடது கால்.
"மிச்சத்தக் குடுங்க சார், வலது வரும்"
என்றார், கோபமே இல்லாமல்.

முழங்கால் உயரத்துக்கு நாணல் நட்டு
இரண்டு நாள் எடுத்தோம்.
ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் ரப்பர் செருப்பு,
குடியாத்தத்துப் பையன்கள்
வெள்ளைக்காரனை விரட்டினார்கள்.
மானிட்டரில் நொண்டலும் வீரமாகத்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள் ஜெனரேட்டர்காரன் ஒயரைச் சுருட்டினான்.
நான்காம் நாள் தணிகாசலம் ஸ்விட்ச் ஆஃப்.
குதிரைக்காரன் மட்டும்
பதினோரு குதிரைகளோடு
பைபாஸ் ஓரம் நின்றுகொண்டிருந்தான்,
என்னைப் பார்த்தபடி.

கார்த்திகையில் பாலாறு வந்தது.
எத்தனையோ வருஷம் கழித்து, நிஜமாகவே.
அகழி ஓசியில் நிரம்பியது.
கொத்தளத்தில் ஒரு துண்டு
விரிஞ்சிபுரத்தில் கரை ஒதுங்கி
யாருடைய ஆட்டுக்கோ கூரையானது.

போன வாரம் பாஷா கூப்பிட்டார்.
வலது கால் அறுநூறும்
அன்றைக்கே தைத்தாயிற்றாம்.
சத்துவாச்சாரியில் என் மாடி அறையில்
கதவு திறக்க முடியாமல் இடது.
யார் யாரிடம் வாங்குவது?
பணத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை.
"மழைக்காலம் சார், தோல் பூசணம் புடிக்கும்.
கொஞ்சம் வெளக்கெண்ண தடவி வைங்க" என்றார்.

தடவிக்கொண்டிருக்கிறேன்.
நூற்று நாற்பது முடிந்தது.