பத்தாம் நம்பர் ஊசி

பத்தாம் நம்பர் ஊசி
வீட்டில் ஒரே ஜோடிதான்.
இப்போது அது அபிதாவின் இடது கையில் இருக்கிறது,
அதாவது அவள் ஸ்வெட்டரின் இடது கையில்.
வலது கை போன ஜனவரியிலேயே முடிந்தது.
அதற்குள் நுழைய வேண்டிய கைதான்
இந்த ஜனவரிக்குள்
இரண்டு அங்குலம் நீண்டுவிட்டது.

காலுறைக்கும் பத்துதான் வேண்டும்.
கண்ணிகளை ஒவ்வொன்றாக ஒரு பென்சிலுக்கு மாற்றி
முனையில் ரப்பர் பேண்டு சுற்றி
ஊசியை உருவிக்கொண்டேன்.
மறுநாள் ஜியாமெட்ரி பரீட்சை.
அவள் தேடி எடுத்தது அந்தப் பென்சிலைத்தான்.

கட்டிலுக்கு அடியில் ரஜாய்.
முத்தரசுவின் பழைய சட்டைகள், சதுரம் சதுரமாக.
நூற்று நாற்பத்து நான்கு வேண்டும்,
தொண்ணூற்றொன்றில் நிற்கிறது.
அந்த நீலக் கோடு போட்டது
கிழிந்துவிட்டதா என்று விசாரித்தேன்.
கேட்ட குரல் சரியில்லையாம்.
அன்றிலிருந்து அலமாரிச் சாவி
அவரோடு ஆபீஸ் போய்வருகிறது.

வளையத்தில் இறுக்கிய துணியில் ஒரு மயில்,
லூர்துமேரி மகள் கல்யாணத்துக்கு என்று தொடங்கியது.
மயிலுக்கு இன்னும் கால் வரவில்லை,
மணப்பெண்ணுக்கு மசக்கை வந்துவிட்டது.
மயூர் விஹாரில் பன்னிரண்டு வருடமாக
நான் பார்க்கும் ஒரே மயில் இது.

ஞாயிற்றுக்கிழமை
பத்தரையிலிருந்து பன்னிரண்டேகால் வரை
எங்கள் பால்கனிக்கு வெயில்.
எதிர் பால்கனி பரம்ஜீத்
தன் கையைப் பார்க்காமல் பின்னுவாள்,
என் கையைப் பார்த்துக்கொண்டே.
ஒன்றை முடிக்காமல் இன்னொன்றைத் தொட மாட்டாளாம்.
இனிப்பே தொடுவதில்லை என்பவர்களை நம்புகிற அளவுக்கு
அவளை நம்புகிறேன்.
அவளிடம் கற்றதால்
எண்ணுவது தமிழில், பின்னுவது ஹிந்தியில்:
ஒன்று ஸீதா, இரண்டு ஸீதா, மூன்று உல்டா.
குக்கர் நாலாவது விசில் அடித்தால்
இரண்டு மொழியும் மறந்துபோகும்.

செவ்வாய்க்கிழமை பனிமூட்டம், மெட்ரோ தாமதம்.
பின்னலாம் என்று காலுறையைப் பையில் போட்டிருந்தேன்.
ஸ்கேனர் திரையில் ஊசி இரண்டும்
மீன் முள்போலத் தெரிந்தன.
வெளியே எடு என்றாள் காவல்காரி.
சட்டையில் சுதேஷ் குமாரி என்று பெயர் வில்லை.
பின்னால் வரிசை நெருக்கியது.
அவள் காலுறையைத் திருப்பினாள்,
உள்ளே விரல் விட்டு விரித்தாள்,
குதிகாலுக்குக் கீழே
ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"ஒரு கண்ணி விட்டிருக்கிறாய்."

கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி
விழுந்த கண்ணியைக் கோத்து
ஏணியில் ஏற்றுவதுபோல்
படி படியாக, ஒன்பது படி,
ஊசிவரை கொண்டுவந்து சேர்த்தாள்.
யாரோ உச்சுக் கொட்டினார்கள்.
ஹேர்பின் கொண்டைக்குப் போயிற்று.
அடுத்து, என்றாள்.

யமுனையைத் தாண்டும்போது
வெளியே ஆறும் இல்லை, பாலமும் இல்லை,
ஒரே வெள்ளை.
அந்த ஒன்பது படிகளை
நகத்தால் தடவித் தடவித் தேடினேன்,
கிடைக்கவில்லை.

சாயங்காலம் கரோல் பாகில் இறங்கி நடந்து
இன்னொரு ஜோடி பத்தாம் நம்பர் வாங்கினேன்.
இனி பென்சில் வேண்டாம்,
இடது கை வளரலாம்,
காலுறையும் தன்பாட்டுக்கு நடக்கலாம்
என்றுதான் வாங்கினேன். சத்தியமாக.

இரவு பதினொன்றுக்கு
புது ஊசியில் நாற்பது கண்ணி ஏற்றியிருந்தேன்,
சாம்பல் நிறக் கம்பளியில்.
விரல் நுனி திறந்த கையுறை.
அளவு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.
தினமும் காலை எட்டேமுக்காலுக்கு
திரைக்குப் பின்னால்
என் விலாவின் இரண்டு பக்கமும் இறங்குகிற கை,
ஸ்வெட்டரைத் தாண்டிச் சில்லென்று.

"அம்மா, என் ஸ்வெட்டர்?" என்றாள் அபிதா,
பாதித் தூக்கத்தில்.
பேசாதே, எண்ணிக்கொண்டிருக்கிறேன்,
பதினேழு உல்டா.