அரசுத் தரப்பு சாட்சி ஒன்று

கடை வாசலின் இரண்டு வெள்ளைத் தூண்களும்
காரணமில்லாமலே கத்தும்.
நூலகப் புத்தகத்துக்குக் கத்தும்,
ஒருமுறை ஒரு பெரியவரின் ஊன்றுகோலுக்கு.
அன்றைக்கு உனக்குக் கத்தியது.
சிரித்துப் போகவிட்டிருப்பேன்,
நீ ஓடாமல் இருந்திருந்தால்.

அறுநூற்று நாற்பத்தொன்பது ரூபாய்.
காய்ந்த ரோஜா நிறம்.
உன் பர்ஸில் இரண்டாயிரத்துச் சொச்சம் இருந்தது,
எண்ணியது நான்தான்.
அப்புறம் ஏன் என்றார் மேனேஜர்.
நீ உன் செருப்பைப் பார்த்தாய்.
எனக்கும் அந்தப் பதில் வேண்டியிருந்தது.
போன மாதம் காணாமல்போன ஆறு டப்பாவுக்கு
என் சம்பளத்தில் பிடித்தம்.

ஸ்டாக் ரூமில் அட்டைப்பெட்டி மேல் உட்கார வைத்து
எழுதிக் கொடு, விட்டுடறோம் என்றார்.
காலேஜுக்குச் சொல்லாதீங்க சார்.
அம்மாவுக்குச் சொல்லாதீங்க சார்.
உன்னிடம் பேனா இல்லை.
என் சட்டைப்பையிலிருந்து நான்தான் கொடுத்தேன்,
வருகைப் பதிவேட்டுக்கு வைத்திருக்கும் நீலப் பேனா.
எழுதினாய்:
‘எடுத்தது உண்மை. என்னை மண்ணிக்கவும்.’
மூன்று சுழி.
திருத்தச் சொல்ல வாய் வரை வந்தது.
சொல்லவில்லை.

விடவில்லை.
தலைமை அலுவலகத்துக்கு ஒரு விதி இருக்கிறதாம்,
பெங்களூரிலிருந்து மெயிலில் வரும் விதி.
வேளச்சேரி ஸ்டேஷனில் ரைட்டர் சலித்துக்கொண்டார்:
ஐயாயிரத்துக்குக் கீழே.
மாஜிஸ்ட்ரேட் சொல்லாமல் கேஸே போட முடியாது,
இதுக்கு ஒரு ஃபைல், ஒரு மகஜர், ஒரு ஏட்டு.
ஆனாலும் போட்டார்கள்.
அந்த லிப்ஸ்டிக்குக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள்.
உன் கடிதத்துக்கு எண் கொடுத்தார்கள்.
எனக்கும் ஒரு எண்:
சாட்சி 1, ஸ்டெல்லாமேரி, த/பெ அந்தோணி, கண்ணகி நகர்.

சைதாப்பேட்டை கோர்ட்டில்
சாட்சிக்கு நாற்காலி கிடையாது,
குற்றவாளிக்கும் கிடையாது.
ஒரே தூணில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றோம்.
ஒவ்வொரு வாய்தாவுக்கும்
உனக்கு ஒரு நாள் வருகைப்பதிவு போனது,
எனக்கு நானூற்று இருபது ரூபாய்.
உன் அம்மா என்னைப் பார்க்கவேயில்லை,
மூன்றாவது வாய்தாவில் மட்டும்
டப்பாவிலிருந்து பாதி எலுமிச்சை சாதத்தை
மூடியில் வைத்து நீட்டினார்.
தின்றேன். பசி.

உங்கள் வக்கீல் சொன்னது தூணுக்கு இந்தப் பக்கம் கேட்டது:
கடைக்காரங்க சமரசம்னு ஒரு கையெழுத்துப் போட்டா
இன்னைக்கே முடிஞ்சிடும்.
போட மாட்டேங்கறாங்க.
நடத்தினா ஒரு வருஷம், ரெண்டு வருஷம்.
அதற்குள் கேம்பஸ் இன்டர்வியூ.
அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்:
உம் மீது வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா?
அந்தக் கட்டத்துக்குப் பயந்துதான்
நாலாவது வாய்தாவில் ‘ஆமா, செஞ்சேன்’ என்றாய்.
அடுத்த வரியில் இன்னொரு கட்டம் இருப்பதை
யாரும் உனக்குச் சொல்லவில்லையா, ஹேமலதா?
நீர் எப்போதேனும் தண்டிக்கப்பட்டதுண்டா?

நடுவர் கடிதத்தை எடுத்தார்.
மண்ணிக்கவும் என்ற இடத்தில்
அவர் விரல் ஒரு நொடி நின்றது.
முதல் குற்றம், பொருள் திரும்பியாயிற்று,
அதனால் சிறை இல்லை, சமுதாய சேவை:
அரசு மருத்துவமனையில் பதினைந்து நாள்,
வெளிநோயாளி சீட்டு எழுதித் தர வேண்டும்.
நான் மனப்பாடம் செய்து வந்த வாக்கியம்
(தூண் கத்தியது ஐயா, நான் பார்த்தேன்)
நாக்கிலேயே கிடந்தது.

வெளியே, படிக்கட்டில்,
ஏதோ ஒரு தாளை முழங்காலில் விரித்துக்கொண்டு
முதல் முறையாக என்னிடம் பேசினாய்:
அக்கா, பேனா இருக்கா?

இருந்தது.
இல்லை என்றேன்.
பஸ் ஏறி, பனகல் மாளிகை தாண்டிய பிறகுதான்
பையிலிருந்து கையை எடுத்தேன்.
விரலெல்லாம் நீலம்.